இது ஸ்டான் கடை இல்லை

நெல்ஸின் முன்பல் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தது.

"பல் விழுந்துடுச்சு," என்றான்.

"ம்," என்றார் அப்பா. அவர் கையில் போன்.

"அம்மா, என் பல் விழுந்துடுச்சு."

"சூப்பர்டா செல்லம்," என்றார் அம்மா. அவர் கையிலும் போன்.

நெல்ஸ் கடைசியாக அக்காவிடமும் சொன்னான். ஐலி மேசைக்கடியில் டேப்லெட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

நெல்ஸுக்கு ஆறு வயது. அவனுக்கு அழுகை வரவில்லை. யோசனைதான் வந்தது. பல்லை எடுத்து அம்மாவின் தட்டில், மசித்த உருளைக்கிழங்கின் உச்சியில், அழகாக நட்டு வைத்தான். அம்மா போனைப் பார்த்தபடியே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் சொல்லத் தேவையில்லை. அம்மா நான்கு முறை வாய் கொப்பளித்தார் என்பதை மட்டும் சொன்னால் போதும். பிறகு அவர் பல்லைக் கழுவி, ஒரு காகிதத்தில் மடித்து நெல்ஸிடம் கொடுத்தார். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"எத்தனை தடவை சொன்ன?"

"மூணு."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தச் சனிக்கிழமையே வீட்டில் புது ஏற்பாடு வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோருடைய போனும் பூட்ஸ் அலமாரிக்குள் போய்விட வேண்டும். டேப்லெட்டும்தான். யாராவது அவசரமாகப் பேச வேண்டும் என்றால்? அதற்காக அப்பா சமையலறைச் சுவரில் ஒரு பழைய மஞ்சள் டெலிபோனைத் திருகாணி போட்டு மாட்டினார். அதன் ஒயர் பன்றிக்குட்டியின் வால் மாதிரி சுருண்டு சுருண்டு தொங்கியது.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் ஐலி. அவள் நான்காம் வகுப்பு. அவள் தோழிகள் எல்லோரும் அந்த டேப்லெட்டுக்குள்தான் இருந்தார்கள்.

"குளிர்காலம் முடியற வரைக்கும்."

அமெரிக்காவின் மினசோட்டாவில், அதுவும் அதன் வடக்குப் பகுதியில், குளிர்காலம் என்றால் ஏப்ரல் வரை. ஐலி கதவை அறைந்து சாத்திக்கொண்டு மாடிக்குப் போனாள்.

முதல் வாரம் யாருக்குமே நன்றாகப் போகவில்லை. அப்பா கையுறை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு பூட்ஸ் அலமாரிப் பக்கம் மூன்று முறை போனார். கையுறை இரண்டும் அவர் கையில்தான் இருந்தன. அம்மாவின் கட்டைவிரல் சும்மா இருக்கும்போதே காற்றில் மேலும் கீழும் நகர்ந்தது. நெல்ஸ் மட்டும் சந்தோஷமாக இருந்தான். புது இணைப்புடன் வந்திருந்த டெலிபோன் டைரக்டரியில் பக்கத்துக்கு ஒன்றாக டைனோசர் வரைந்துகொண்டிருந்தான்.

ஐலி தன் புது எண்ணை ஐந்து தோழிகளுக்கு எழுதிக் கொடுத்தாள். ஒருத்தியும் கூப்பிடவில்லை.

ஆனால் டெலிபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஐலி ஓடிப்போய் எடுத்தாள்.

"ஸ்டான் கடையா? பொடிமீன் வந்துடுச்சா?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"ராங் நம்பர்," என்றாள் ஐலி.

பத்து நிமிடத்தில் இன்னொரு குரல். "ஸ்டான் இருக்காரா?"

"இல்ல."

"எப்ப வருவார்?"

அப்பாவுக்குத்தான் விஷயம் புரிந்தது. ஏரிக்கரையில் ஸ்டான் என்பவர் தூண்டில் இரை விற்கும் கடை வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு கடையை மூடிவிட்டு, குளிரே இல்லாத அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவருடைய எண்ணைத்தான் டெலிபோன் கம்பெனி இவர்களுக்குக் கொடுத்திருந்தது. நெடுஞ்சாலையில் அவர் கடையின் பலகை இன்னும் அப்படியே நிற்கிறது. அதில் ஓர் ஆள் உயரத்துக்கு அந்த எண் எழுதியிருக்கிறது.

"ஐயோ," என்றார் அம்மா. "ஏரி உறையற நேரம் வேற. இனிமே ஊர்ல இருக்கிற மீன்பிடிக்காரங்க எல்லாரும் கூப்பிடுவாங்களே."

கூப்பிட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் அவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கெட்டில் ஏரி ஓரத்திலிருந்து உறையத் தொடங்கும். உறைந்த ஏரியில் துளை போட்டு, அதன் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பதற்காக ஊர்க்காரர்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ஐஸ் எப்படி இருக்கிறது?

ஒரு புதன்கிழமை பள்ளிவிட்டு வந்தபோதும் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"இது ஸ்டான் கடை இல்ல. எங்க வீட்டு கிச்சன்," என்றாள் ஐலி, எடுத்தவுடனேயே.

மறுமுனையில் ஒருவர் சிரித்தார். "அப்படியா? சரி, கிச்சன்லேர்ந்து ஏரி தெரியுதா?"

ஐலி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "தெரியுது. படகுத்துறை தெரியுது."

"ஐஸ் மேல யாராவது நிக்கிறாங்களா?"

"மூணு பேர் நிக்கிறாங்க. ஒரு நாய் இருக்கு."

"நாய் பழுப்பா? ஒரு காது மட்டும் மடிஞ்சிருக்கா?"

ஐலி ஒயர் நீள்கிற அளவுக்கு ஜன்னலை நெருங்கினாள். "ஆமா."

"அட, அது என் நாய்மா. பிஸ்கட். நேத்து காலைலேர்ந்து தேடிட்டிருக்கேன்."

அவர் பெயர் கோர்டி. ஏரியின் வடக்கு மூலையில் வீட்டோடு ஒரு பட்டறை வைத்து, படகு மோட்டார்களைப் பழுதுபார்ப்பவர். அரை மணி நேரத்தில் அவருடைய வண்டி படகுத்துறைக்கு வந்ததையும், பிஸ்கட் அவர் மேல் தாவியதையும் ஐலி ஜன்னலில் நின்று பார்த்தாள். அவர் திரும்பி, எந்த ஜன்னல் என்று தெரியாமல், எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கையசைத்தார்.

மறுநாள் அவரே மறுபடியும் கூப்பிட்டார். "கிச்சன், நன்றி சொல்ல மறந்துட்டேன். என் நம்பரை எழுதி வச்சுக்கோ. அந்த நாய் அடிக்கடி கம்பி நீட்டும்."

ஐலி தன் பெயரைச் சொல்லிவிட்டு, காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அந்த போனில் அவளுக்கென்று வந்த முதல் அழைப்பு அதுதான்.

அன்று அவளுக்கு ஒன்று தோன்றியது. 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்தால் கூப்பிட்டவர் ஐஸ் தாங்குமா என்று தெரியாமலேயே அதன் மேல் நடக்கப்போகிறார். தெரிந்துகொண்டு சொன்னால் என்ன?

யாரிடம் கேட்பது என்று அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவளுடைய பள்ளிப் பேருந்தை ஓட்டுகிற டார்லா பொலியூ தினமும் விடியற்காலையில் மீன் பிடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். இத்தனை நாளும் ஐலி பேருந்தின் கடைசி இருக்கையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்ததால், அவர் மேல் அடிக்கிற மீன் வாசனை அவள் மூக்குக்கு எட்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, ஊரு மாறி வந்துட்டியா?" என்றார் டார்லா, கண்ணாடியில் பார்த்தபடி.

"மிஸ் டார்லா, இன்னைக்கு ஐஸ் எத்தனை இஞ்ச்?"

டார்லா சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பினார். "இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். இந்தக் கேள்விய ஒரு பிள்ளையும் கேட்டதில்ல. படகுத்துறைக்கிட்ட அஞ்சு. எதுக்கு?"

ஐலி கதையைச் சொன்னாள். டார்லா பள்ளி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

"நாலு இஞ்ச் இருந்தா ஒரு ஆள் நடக்கலாம். அதுக்குக் கீழன்னா கரையிலேயே நிக்கணும். இதையும் சேர்த்துச் சொல்லு. நீயா ஏரியில கால வைக்காத, கேட்டுச் சொல்றதோட சரி."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் டார்லா எண்ணைச் சொல்வார். பள்ளிவிட்டு வந்ததும் ஐலி அதைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதுவாள். போன் அடிக்கும்.

"இது ஸ்டான் கடை இல்ல. எங்க வீட்டு கிச்சன். ஆனா படகுத்துறைக்கிட்ட இன்னைக்கு ஆறு இஞ்ச்."

கூப்பிட்டவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். ஸ்டானைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். "கிச்சனா?" என்றுதான் தொடங்கினார்கள். சிலர் செய்தி விட்டுப் போனார்கள். என் தம்பி கூப்பிட்டா நான் தீவுப் பக்கம் போயிட்டேன்னு சொல்லிடும்மா. ஐஸ் மேல இருக்கிற என் குடிசையோட சாவி யார்கிட்டயாவது இருக்கான்னு கேளு.

ஐலி இல்லாதபோது நெல்ஸ் எடுப்பான். "அக்கா பாத்ரூம்ல இருக்கா. ஐஸ் கெட்டியா இருக்கு. எனக்குப் புதுப் பல் முளைக்குது," என்று எல்லாத் தகவலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். கூப்பிட்டவர்கள் பல்லைப் பற்றியும் அக்கறையாக விசாரித்தார்கள்.

ஒயர் எட்டுகிற தூரத்துக்குள்தான் பேச முடியும் என்பதால், பேசும்போது ஐலிக்கு ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் அவளுக்குப் பல விஷயங்கள் தெரியவந்தன. நான்கு மணிக்கு ஏரி இளஞ்சிவப்பாகும். ஒரு நரி தினமும் ஒரே வழியில் கரையைக் கடந்து போகும். அம்மா பனி அள்ளும்போது தனக்குத்தானே பாட்டுப் பாடுவார்.

டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை டார்லா சொன்ன எண் ஒன்பது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு போன் அடித்தது. அப்பா அடித்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வெளியே பனி அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஸ்டான் கடைங்களா?" என்றது ஓர் அவசரக் குரல். பின்னால் சிறுமிகளின் சிரிப்பும், கதவு மணியின் கிணிகிணியும் கேட்டன.

"இது ஸ்டான் கடை இல்ல. எங்க வீட்டு கிச்சன். ஆனா படகுத்துறைக்கிட்ட ஒன்பது இஞ்ச்."

"ஒன்பதா? நல்லதா போச்சு. போன்ல ஒரு ஆப் பத்துன்னு காட்டுது. கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு." அவர் வேறு யாரிடமோ, "ஹாட் சாக்லேட்ட குடிச்சு முடிங்க, கிளம்பணும்," என்றார். பிறகு ஐலியிடம், "நாங்க மினியாபொலிஸ்லேர்ந்து வர்றோம்மா. நெடுஞ்சாலை முக்குல பெட்ரோல் பங்க்ல நிக்கிறோம். வடக்கு மூலைல இறங்கலாம்னு இருக்கோம். பொண்ணுங்க ரெண்டு பேரையும் ஸ்லெட்ல உட்கார வச்சு இழுத்துட்டுப் போகப்போறேன். ரொம்ப நன்றி."

"வடக்கு மூலை பத்தி எனக்கு..." என்று ஐலி தொடங்கினாள்.

அவர் வைத்துவிட்டார்.

ஐலி ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். வடக்கு மூலை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. டார்லா அந்தப் பக்கம் போவதே இல்லை. ஒன்பது என்பது படகுத்துறையின் எண். அதுவும் நேற்றைய எண். ஆனால் அந்த மனிதர் அதைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அவள் சொன்ன ஒன்பதை.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நெல்ஸ், அம்மாவக் கூட்டிட்டு வா. ஓடு."

நெல்ஸ் சாக்ஸோடு பனியில் ஓடினான். ஐலி காலண்டரைப் பார்த்தாள். டார்லாவைக் கூப்பிட முடியாது. மகளின் ஹாக்கி ஆட்டத்துக்காகப் பக்கத்து ஊர் போயிருந்தார். வடக்கு மூலையில் இருப்பவர் யார்? கோர்டி.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"கோர்டி, நான் கிச்சன். உங்க ஜன்னல்லேர்ந்து ஏரி தெரியுமா? ஐஸ் எப்படி இருக்குன்னு இப்பவே பார்த்துச் சொல்றீங்களா?"

"இரு," என்றார் கோர்டி. எதற்கு என்று கேட்கவில்லை.

ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். எங்கோ பிஸ்கட் ஒரு முறை குரைத்தது. பிறகு ஒன்றுமே இல்லை. ஐலி சுருட்டை ஒயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"ஐலி." முதல்முறையாக அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஓடை வந்து சேர்ற இடத்துல வாத்து நீந்துது."

"நீந்துதா?"

"நீந்துது. நடக்கல. அங்க தண்ணி திறந்து கிடக்கு. சுத்தி மெல்லிசா இருக்கிற ஐஸ் மேல பனி விழுந்து மூடியிருக்கறதால பாதையிலேர்ந்து பார்த்தா தெரியாது. யாராவது வர்றாங்களா?"

"வர்றாங்க. ரெண்டு சின்னப் பொண்ணுங்க இருக்காங்க."

"நான் பாதைக்குப் போய் நிக்கிறேன். ஆனா அங்க போற வழி ரெண்டு இருக்கு. நீ அவங்களப் பிடிக்கப் பாரு." அவரும் வைத்துவிட்டார்.

அந்த மனிதரின் எண் ஐலியிடம் இல்லை. அவள் கேட்டிருந்தால்தானே அவர் சொல்லியிருப்பார்? ஆனால் அவர் நிற்கிற இடம் தெரியும். நெடுஞ்சாலை முக்கு, பெட்ரோல் பங்க். அவள் டைரக்டரியைப் பிரித்தாள். பக்கத்தைக் கண்டுபிடித்தாள். எண்ணும் இருந்தது. அதன் கடைசி இலக்கத்தின் மேல் நெல்ஸ் வரைந்த ஒரு பெரிய டைனோசர் காலை ஊன்றி நின்றது.

ஒன்றா? ஏழா?

கடைசியில் ஒன்றைச் சுழற்றினாள்.

"வாண்டா அழகு நிலையம்," என்றது ஒரு பெண் குரல். பின்னால் முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்தது.

"ஐயோ, ராங் நம்பர். பெட்ரோல் பங்க் வேணும், அவசரம்."

எப்போதும் மற்றவர்கள்தான் தவறிப்போய் அவளைக் கூப்பிடுவார்கள். இன்று அவளே அப்படிக் கூப்பிட்டிருந்தாள். அந்தப் பெண் எரிச்சல்படவே இல்லை.

"கடைசில ஏழு போடு கண்ணு. வாரத்துக்கு ரெண்டு பேர் எனக்குத்தான் போடுவாங்க. சீக்கிரம் போடு."

ஐலி ஏழு போட்டாள். பங்க்கில் வேலை பார்க்கிற பெவ் எடுத்தார்.

"ரெண்டு பொண்ணுங்களோட ஒருத்தர் அங்க இருக்காரா? மினியாபொலிஸ்காரர்?"

"நீலத் தொப்பியா? இப்பத்தான் கதவத் திறந்து வெளிய போனாங்க."

"நிறுத்துங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. வடக்கு மூலைல ஐஸ் இல்ல. தண்ணிதான் இருக்கு."

ரிசீவர் எதன் மேலோ விழுகிற சத்தம் காதைப் பிளந்தது. கதவு மணி கிணுகிணுத்தது. பிறகு காற்றின் சத்தம் மட்டும். கதவை யாரும் சாத்தவில்லை போலிருந்தது.

சமையலறைக் கதவு திறந்து அம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே நெல்ஸ், நனைந்த சாக்ஸோடு. அம்மா ஐலியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைத்தார். மூன்று பேரும் அந்தக் காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் மணி. மூச்சு வாங்குகிற ஒரு குரல்.

"யாரு?"

"நான்தான், கிச்சன்," என்றாள் ஐலி. "ஒன்பது இஞ்ச்னு சொன்னேன்ல, அது படகுத்துறைல மட்டும்தான். வடக்கு மூலைல ஓடைக்கிட்ட வாத்து நீந்துது. அங்க போகாதீங்க. தப்பு என்மேலதான், நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்."

அவர் திரும்பி மகள்களை உள்ளே கூப்பிடுவது கேட்டது.

"இழுக்க வேணாம், ஸ்லெட்டை முன்னால தள்ளிட்டுப் போங்கன்னு பொண்ணுங்க சொல்லிட்டிருந்தாங்க," என்றார் பிறகு. அவர் குரல் மிகவும் மெல்லியதாகிவிட்டிருந்தது. "அவங்கதான் முன்னால போயிருப்பாங்க."

"படகுத்துறைக்கு வாங்க. அங்க நிறைய பேர் இருக்காங்க. ஜன்னல்ல தெரியுது."

"வர்றேன்மா. உன் பேரு என்ன?"

"ஐலி."

"நன்றி, ஐலி," என்றார். வைப்பதற்கு முன் இன்னொரு முறையும் சொன்னார்.

போனை மாட்டியதும் ஐலி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மாவின் கோட்டில் ஒட்டியிருந்த பனி ஐலியின் கழுத்தில் உருகி வழிந்தது.

"அம்மா, பூட்ஸோட உள்ள வந்துட்டீங்க," என்றான் நெல்ஸ். அந்த வீட்டில் அது பெரிய குற்றம்.

"ஆமாடா," என்றார் அம்மா. எழுந்திருக்கவில்லை.

கோர்டிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஐலிக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. பாவம், அவர் வீட்டுக்குத் திரும்பி போனை எடுப்பதற்குள் அரை மணி நேரம் பாதையில் நின்று மூக்கு சிவந்துபோனார்.

அன்று மத்தியானமே ஐலி ஒரு பெரிய தாளில் கெட்டில் ஏரியை வரைந்தாள். படகுத்துறை, வடக்கு மூலை, தீவு, தெற்குக் கரை என்று பிரித்தாள். அழைப்பவர்களில் யார் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆளைப் பிடித்தாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தெற்குக் கரைக்காரர் மட்டும், "அளந்து சொல்றேன். ஆனா மீன் எங்க கடிக்குதுன்னு கேக்கக் கூடாது, அது ரகசியம்," என்றார்.

அதன்பிறகு அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கம் போறீங்க?" தனக்குத் தெரியாத இடமாக இருந்தால், "தெரியாது. பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க, கேட்டு வைக்கிறேன்," என்பாள். பத்து நிமிடம் காத்திருப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்கவில்லை. மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குக் காத்திருக்கச் சொல்லித்தரவா வேண்டும்?

அடுத்த வாரம் குளிர் நன்றாக இறுகியது. சனிக்கிழமை அந்த மினியாபொலிஸ்காரர் மறுபடியும் வந்தார். அவர் பெயர் மார்கஸ். மகள்கள் இருவரும் இரட்டையர், ஐலியைவிட ஒரு வயது சின்னவர்கள். பெயர் ஜோஸி, ரென். வந்ததும் சமையலறைக்குள் ஓடி மஞ்சள் டெலிபோனை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இதுல படம் எங்க தெரியும்?" என்று கேட்டாள் ரென்.

"அங்க," என்று ஐலி ஜன்னலைக் காட்டினாள்.

அன்று அப்பா ஐலியையும் நெல்ஸையும் ஏரிக்கு அழைத்துப் போனார். படகுத்துறைக்கு அருகே ஐஸ் பதினோரு அங்குலம். அந்த வருடம் ஐஸ் மேல் ஐலி கால் வைப்பது அதுதான் முதல்முறை. அம்மா பெரிய பாத்திரத்தில், அந்தப் பக்கத்து ஏரிகளில் விளைகிற காட்டரிசியும் கோழியும் போட்ட சூப்பை ஸ்லெட்டில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். போனில் பேசிய ஒவ்வொருவரிடமும் அம்மா, "மத்தியானம் சூப் இருக்கு, வாங்க," என்று சொல்லி வைத்திருந்தார். முப்பது பேராவது இருக்கும். தொப்பியும் மப்ளரும் மூடியதுபோக எல்லோருக்கும் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நீதான் கிச்சனா?" என்றார் ஒருவர். "இத்தனூண்டு இருக்க? போன்ல பெரிய ஆள் மாதிரி பேசறியே."

குரலை வைத்து ஐலி அவரைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க தெற்குக் கரை. மீன் கடிக்கிற இடம் ரகசியம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா ஐலியின் கையில் ஒரு கிண்ணம் சூப்பைக் கொடுத்தார். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்ந்த வாளியின் மேல் வைத்துவிட்டு நடந்தாள். அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. டேப்லெட் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பியிருக்கலாம். இங்கே ஒவ்வொருவரிடமாகத்தான் போக வேண்டும்.

முதலில் டார்லா. கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினாள். "மிஸ் டார்லா, தினமும் காலைல எனக்காகவும் அளக்கறீங்க. நன்றி."

"மீன் வாசனை ஒட்டிக்கும், பார்த்துக்கோ," என்றார் டார்லா. ஆனாலும் கையை விடவில்லை.

கோர்டி துளையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "எனக்கு எதுக்கு நன்றி? ஜன்னல் வரைக்கும் நடந்தேன், அவ்வளவுதான்."

"எதுக்குன்னு கேட்காம நடந்தீங்க," என்றாள் ஐலி. பிஸ்கட்டின் மடிந்த காதையும் பிடித்துக் குலுக்கினாள்.

பங்க் பெவ்வுக்குச் சளி பிடித்திருந்தது. அன்று கோட்டுகூடப் போடாமல் வண்டியை நோக்கி ஓடியவர் அவர். "நீங்க ஓடலைன்னா..." என்று ஐலி தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. பெவ் குனிந்து அவள் நெற்றியில் முட்டினார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. வாக்கியத்த முடிக்க வேணாம்," என்றார்.

வாண்டாவை யாரும் அழைத்திருக்கவில்லை. நடந்ததைக் கேள்விப்பட்டு அவரே வந்திருந்தார். "ஏழுன்னு சொன்னதுக்கா நன்றி?" என்று ஆச்சரியப்பட்டார்.

"கோபப்படாம சொன்னதுக்கு," என்றாள் ஐலி.

இப்படியே போனாள். தீவுக்காரர், அவருடைய தம்பி, சாவியைத் தொலைத்தவர், நெல்ஸின் பல்லை விசாரித்த இருவர். ஒவ்வொருவரும் கையைக் குலுக்கிவிட்டு, ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் விட்டார்கள். அவசரமாக முடிகிற வேலையாகத் தெரியவில்லை.

கடைசியாக மார்கஸிடம் வந்தாள். அவர் தள்ளி நின்று, மகள்கள் இருவரும் துளைக்குள் எட்டிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐலி கை நீட்டியதும் அவருக்குப் புரியவில்லை.

"நீ எனக்கு நன்றி சொல்றியா? ஏம்மா, நான்ல சொல்லணும்."

"வண்டில ஏறப் போயிட்டீங்க. ஆனா கூப்பிட்டதும் திரும்பி வந்து, நான் சொன்னதக் கேட்டீங்க," என்றாள் ஐலி. "அதுக்குத்தான்."

மார்கஸ் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "மீன், மீன்," என்று ஜோஸி கத்தினாள். அவர் தூண்டிலை நோக்கி ஓடினார். இரட்டையர் இருவரும் சேர்ந்து இழுத்ததில், உள்ளங்கை அளவே உள்ள ஒரு மீன் ஐஸ் மேல் வந்து துள்ளியது. அதற்கு அத்தனை பேரும் கைதட்டினார்கள். டார்லாதான் முதலில் தட்டினார்.

ஐலி தன் வாளிக்குத் திரும்பினாள். ஏரி இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. சூப் ஆறிப்போய், மேலே மெல்லிய ஏடு படிந்திருந்தது.

"கொட்டிட்டு சூடா தரட்டுமா?" என்று கேட்டார் அம்மா.

"வேணாம்மா," என்றாள் ஐலி. கிண்ணத்தைத் தூக்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.